தபாலைக் கடலில் போடச் சொன்னவள்

காலை பத்தரை மணி. நெடுஞ்சாலை ஓரத்திலிருந்த அந்தச் சின்ன அஞ்சலகத்தில் தபால் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் இருதயம்மாள் உள்ளே வந்தாள். மீன்கூடையை வாசலில் இறக்கி வைக்கக்கூடத் தோன்றாமல், இடுப்பில் வைத்தபடியே நேராக தபால்காரர் துரையின் மேசைக்கு வந்து நின்றாள்.

"அண்ணே, இனிமே என் பேருக்கு எந்த லெட்டர் வந்தாலும் எனுக்குக் குடுக்காதீங்க. கடல்ல போட்டுடுங்க. இல்லாங்காட்டி கொளுத்திடுங்க. எனுக்கு வாணாம்."

துரை நிமிர்ந்து பார்த்தார். பதினோரு வருஷமாக அவளுக்குத் தபால் கொடுக்கிறார். வேலூரில் நர்ஸ் படிப்பு படிக்கும் மகள் ஜெனியிடமிருந்து கடிதம் வந்தால், கூடையை இறக்கிவிட்டு அந்த உறையை முகர்ந்து பார்ப்பவள் அவள். இன்று அவள் உதடு வெளுத்திருந்தது.

"மெதுவாப் பேசும்மா" என்று அவர் கண்ணைக் காட்டினார். மூலை மேசையில் அஞ்சல் ஆய்வாளர் எழில்மொழி உட்கார்ந்திருந்தார். வருடாந்திரச் சோதனைக்காக நேற்றுத்தான் வந்தவர். முப்பத்தைந்து வயதிருக்கும். புளியந்தோப்புக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர் என்று சொன்னார்கள். நேற்றிலிருந்து அவர் குரல் ஒருமுறைகூட உயரவில்லை. அதனாலேயே துரைக்கு அவரைக் கண்டால் பயம்.

"துரை அண்ணே, அவங்களுக்கு ஒரு நாற்காலி போடுங்க" என்றார் எழில்மொழி, பேரேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே. "அம்மா, தபால் வேணாம்னு சொல்ல யாரும் ஆபீசுக்கே நடந்து வர மாட்டாங்க. என்ன நடந்துச்சு?"

இருதயம்மாள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை.

ஒன்றரை மாதத்துக்கு முன்பு, விடிகிற நேரம். காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போக அவள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். இரவு வேலை முடித்து ரயிலைப் பிடிக்க சைக்கிளில் போன ஒருவரை ஒரு டெம்போ அடித்துத் தள்ளியது. ஓட்டி வந்தவன் இறங்கினான், ஒரு நிமிஷம் பார்த்தான், ஏறி ஓட்டிப் போய்விட்டான். வெளிச்சம் கண்ணில் அடித்ததால் முகம் தெரியவில்லை. ஆனால் டெம்போவின் பின்பக்கத்து நீலத் தார்ப்பாயில் மஞ்சள் துணியால் சதுரமாக ஒட்டுப் போட்டிருந்ததைப் பார்த்தாள். அடிபட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே, அவள் மடியிலேயே போய்விட்டார். போலீஸில் பார்த்ததைச் சொல்லி கைநாட்டு வைத்தாள்.

"அப்பால பத்து நாள் கயிச்சு மொத லெட்டர் வந்திச்சு, மேடம். நீ பாத்ததைப் பாக்காத மாதிரி இருந்துக்கோ, வாயைத் தொறந்தா பொடதியில ஒரே அடின்னு எழுதிகீது. பொடதின்னா இன்னான்னுகூட எனுக்குத் தெரியாது. சுகிர்தம் அக்கா பின்னங்கழுத்தைத் தொட்டுக் காமிச்சாங்க."

"சுகிர்தம் அக்கா யாரு?"

"கீழ் வூட்டு மளிகைக் கடை அண்ணாச்சி சம்சாரம். எனுக்குப் படிக்கத் தெரியாது. மூணு வருஷமா என் பொண்ணு லெட்டரை அந்த அக்காதான் படிச்சுச் சொல்லும். பதிலும் எழுதிக் குடுக்கும். தங்கமான மனுசி."

"அடுத்தது?"

"ரெண்டாவது லெட்டர்ல ஜெனி எந்த ஹாஸ்டல்ல கீறான்னு பேரு போட்டு எழுதிகீது. அவ போன மாசந்தான் அங்க மாறுனா! மூணாவது போன வாரம். உன்னைக் கூப்பிட ஆளு வரும், கதவைத் தொறந்தா அன்னிக்கே முடிஞ்சுதுன்னு." அவள் கூடையை மடியோடு இறுக்கிக்கொண்டாள். "நேத்து மத்தியானம் வந்துட்டாங்க மேடம். கிரில்லைத் தட்டுனாங்க. பொம்பளைக் குரலு. அக்கா, அக்கான்னு அரை மணி நேரம். நான் கட்டிலுக்கு அடியில பூந்துகினு வாயைப் பொத்திகினு கெடந்தேன்."

துரை மனசுக்குள் கணக்குப் போட்டார். ஜெனி விடுதி மாறியது யாருக்குத் தெரியும்? கடிதத்தைப் படித்த சுகிர்தத்துக்குத் தெரியும். உறையின் பின்பக்கத்து முகவரியைப் பார்த்த தபால்காரருக்குத் தெரியும். அவர் பயந்தபடியே எழில்மொழியின் பார்வை அவர் பக்கம் திரும்பியது.

"மூணு லெட்டரும் உங்க கையாலதான் போச்சா, துரை அண்ணே?"

"ஆமாம் மேடம். ஆனா..." அதற்குமேல் மறைக்க முடியாது. "அந்தப் பதினாலு பிளாக்குலயும் ஒரு வூட்டுக்குக்கூட லெட்டர் பாக்ஸ் கெடையாது மேடம். வெச்சா ரெண்டே நாள்ல தகரத்தைப் பேத்து எடைக்குப் போட்டுடுவானுங்க. மூணாவது மாடிக்கு ஏற என் முட்டி ஒத்துழைக்காது. கீழ நின்னு 'போஸ்ட்'னு கத்துவேன். ஆள் இருந்தா கவுத்துல கூடையை இறக்குவாங்க. இல்லேன்னா அண்ணாச்சி கடையில ஒரு கவுறு கட்டிகீது, அதுல துணி கிளிப் போட்டு மாட்டிட்டு வந்துடுவேன். மறுநாள் ஆளைப் பாத்தா, லெட்டர் வந்துது, கடையில கீது, வாங்கினியான்னு மறக்காம கேப்பேன்."

விதிப்படி இது தவறு. பெயருக்கு உரியவர் கையில் கொடுக்க வேண்டும். துரை மெமோவை எதிர்பார்த்துத் தலைகுனிந்து நின்றார். எழில்மொழியோ இருதயம்மாளிடம் திரும்பினார்.

"லெட்டருங்க எப்படி இருந்துச்சும்மா? நிறம், கனம், எதுவானாலும் சொல்லுங்க."

"மொதலு மஞ்சக் கார்டு. ரெண்டாவது நீலமா மடிச்சு ஒட்டுனது. மூணாவது காக்கிக் கவர். அதுக்கு மட்டும் அண்ணே கைநாட்டு வாங்கிகினாரு."

"சுகிர்தம் எப்படிப் படிச்சாங்க?"

கேள்வி விசித்திரமாக இருந்தது. இருதயம்மாள் யோசித்தாள். "மொதல்ல மனசுக்குள்ளயே படிச்சாங்க. மொகமே மாறிப்போச்சு. அப்பால கண்ணாடியைக் கயட்டி மாருல தொங்கவிட்டுட்டு, என்னைப் பக்கத்துல ஒக்கார வெச்சுப் படிச்சுக் காமிச்சாங்க. மூணு வாட்டியும் அப்படித்தான். நல்ல வேளை, இது வூட்டுல இருக்கக்கூடாதுன்னு அவங்களே வெளக்குல காட்டிக் கொளுத்திட்டாங்க."

"துரை அண்ணே, அந்தக் கார்டு ஞாபகம் இருக்கா?"

"மீஞ்சூர் முத்திரை மேடம். அது மட்டும் நல்லா ஞாபகம் கீது. எழுத்து எறும்பு மாதிரி, ஓரம் வரைக்கும் ரொப்பி எழுதியிருந்துது. படிக்கலை மேடம், சத்தியமா."

எழில்மொழி பேனாவை மூடினார். "வாங்க, அந்தக் கடையைப் பார்த்துட்டு வருவோம்."

தேவப்பிரியத்தின் கடை ஒன்பதாவது பிளாக்கின் தரைத்தளத்தில் இருந்தது. வாசலில் ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டியிலிருந்து அரிசி மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. தேவப்பிரியம் வேர்வையைத் துடைத்துக்கொண்டே வரவேற்றார். தூத்துக்குடிப் பக்கத்துச் சாயர்புரத்திலிருந்து வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. பேச்சில் ஊர் அப்படியே இருந்தது.

"வாங்கம்மா. ராயபுரத்து மொத்தக் கடையில இருந்து சரக்கு வரதுக்குள்ள உயிர் போவுது. நம்ம வண்டி இருந்தா ஒரு நடைல முடிஞ்சிரும். இப்ப இந்த மிதி வண்டியில நாலு நடை. என்ன செய்ய?"

கல்லாவுக்கு மேலே நைலான் கயிறு. அதில் ஏழெட்டுத் துணிக் கிளிப்புகள், மின்சார ரசீது, ஒரு கல்யாணப் பத்திரிகை, நாலைந்து கடிதங்கள். கடைக்கு வருகிற எவரும் கையை நீட்டி எடுக்கலாம். துரை இன்றுதான் அதை உற்றுப் பார்த்தார். இத்தனை காலம் அது அவருக்கு வசதியாகத்தான் தெரிந்தது.

சுகிர்தம் உள்ளேயிருந்து வந்தாள். ஐம்பதை நெருங்குகிற வயது. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் மூக்குக் கண்ணாடி தொங்கியது. அஞ்சல் ஆய்வாளர் என்றதும் முந்தானை நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

"ஆமாம்மா, நாந்தான் படிச்சுச் சொன்னேன். படிக்கையிலேயே எனக்குக் கைகாலெல்லாம் நடுங்கிட்டு. இருதயம், நீ எங்கயும் போவாண்டாம்னு சொல்லியிருக்கேன். பெரிய எடத்துப் பகையெல்லாம் நமக்குத் தாங்காது பாத்துக்கிடுங்க."

எழில்மொழி கயிற்றிலிருந்து ஒரு உறையை எடுத்து நீட்டினார். "இது யாருக்குன்னு சொல்லுங்களேன், என் கண்ணுல தூசி விழுந்துடுச்சு."

சுகிர்தம் உறையை வாங்கிக் கையை நீட்டிப் பிடித்தாள், அருகில் கொண்டுவந்தாள், பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். "செல்லம்மா, நாலாவது மாடி." எழில்மொழி நன்றி சொல்லி அதை மறுபடி மாட்டினார்.

திரும்பும் வழியில் துரையால் பொறுக்க முடியவில்லை. "மேடம், கடைக்கு வர்றவன் எவனாவது நம்ம தபாலை எடுத்துட்டு அவன் லெட்டரைச் சொருவிட்டுப் போறான். அதான் விஷயம்! டெம்போக்காரன் எவனோ. டெம்போ ஸ்டாண்டுல விசாரிச்சா தெரிஞ்சிடும். நான் போயி பாக்கட்டுமா?"

"கடைப் பலகையில 'ஜெரின் ஸ்டோர்ஸ்'னு பார்த்தேன். அண்ணாச்சிக்கு அந்தப் பேர்ல ஒரு பையன் இருக்கார் இல்ல?" என்று கேட்டார் எழில்மொழி.

"இருக்கான் மேடம். நல்ல பையன். ஒன்றரை மாசமா ஊர்ல கீறான். வாரம் ஒரு இன்லேண்டு லெட்டர் அம்மா பேருக்கு வரும், தூத்துக்குடி முத்திரையோட."

"ஸ்டாண்டுக்குப் போறதுன்னா போய்ட்டு வாங்க. வம்பு எதுவும் வேணாம்."

துரை அன்று பிற்பகலே போனார். பன்னிரண்டு டெம்போக்கள் வரிசையாக நின்றன. தார்ப்பாய்களைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாக நடந்தார். ஆறாவது வண்டி டிரைவர் அறிவினுடையது. நீலத் தார்ப்பாய். அவர் குனிந்து அதன் மடிப்பைத் தூக்கியதும், பின்னாலிருந்து ஒரு கை அவர் தோளை இறுக்கியது.

"இன்னா போஸ்ட்டு, என் வண்டியில இன்னாத்தைத் தேடிக்கினு கீறே?"

அறிவின் மூச்சு அவர் காதில் பட்டது. சுற்றி நாலு டிரைவர்கள் எழுந்து நின்றார்கள். துரை தார்ப்பாயை விட்டுவிட்டு நிமிர்ந்தார். பின்னங்கழுத்தில் ஒரே அடி என்ற வார்த்தை தலைக்குள் ஓடியது. எப்படியோ சைக்கிள்காரர் விஷயத்தை உளறிக் கொட்டினார்.

அறிவு கையை எடுத்தான். "அந்தாளு செத்த அன்னிக்கே போலீஸ் வந்து எங்க பன்னெண்டு வண்டியையும் தொடச்சு எடுத்துப் பாத்துட்டுப் போச்சு, நைனா. அடிச்சவன் இங்கயா கொணாந்து நிறுத்துவான்? நிக்கிற வண்டியைப் பாக்காதே. அன்னிலேர்ந்து நிக்காம ஊரை உட்டே பூட்ட வண்டி எதுன்னு பாரு."

துரை ஓட்டமும் நடையுமாக அஞ்சலகத்துக்கு வந்து சேர்ந்தார். முழங்கால் வலித்ததே தெரியவில்லை. அறிவு சொன்னதை அப்படியே ஒப்பித்தபோது எழில்மொழி முதல்முறையாகச் சிரித்தார். "அறிவாளிதான் அவர்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை காலைத் தபால் கட்டில் அதேபோல் இன்னொரு கார்டு வந்தது. மஞ்சள் அஞ்சலட்டை. மீஞ்சூர் முத்திரை. எறும்பு எழுத்து. துரை அதைக் கையில் எடுத்ததும் சூடு பட்டதுபோல் மேசையில் போட்டார்.

எழில்மொழி அதைத் தொடுமுன் இருதயம்மாளுக்கு ஆள் அனுப்பினார். அவள் வந்ததும், "உங்க பேருக்கு வந்த கார்டு. உங்க சம்மதம் இல்லாம இதை நான் படிக்கக்கூடாது. படிக்கலாமா?" என்று கேட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள். எழில்மொழி படித்தார். பிறகு கார்டை இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து துரையிடம் கொடுத்தார்.

"எப்பவும் போல கடைக்குக் கொண்டு போங்க. இவங்க கையில குடுங்க. இவங்க சுகிர்தத்துகிட்ட படிக்கக் குடுக்கட்டும். வழியில நீங்க படிக்காதீங்க." இருதயம்மாளின் கையைப் பிடித்தார். "அங்க எதைக் கேட்டாலும் பயப்படாதீங்கம்மா. நான் படிக்கட்டுக்குப் பக்கத்துலதான் நிப்பேன். உங்களையும் உங்க பொண்ணையும் யாரும் ஒண்ணும் செய்யப் போறதில்லை. அதுக்கு நான் பொறுப்பு."

துரை படிக்கவில்லை. ஆனால் அந்தக் கால் மைல் தூரத்தில் நாலு முறை திரும்பிப் பார்த்தார்.

கடையில் வேறு கூட்டம் இல்லை. தேவப்பிரியம் எண்ணெய் டின்னைச் சாய்த்து ஊற்றிக்கொண்டிருந்தார். இருதயம்மாள் கார்டை நீட்டினாள்.

"மறுபடியுமா?" என்றாள் சுகிர்தம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. கார்டின் கடைசி வரிக்கு வந்ததும் கண்ணை இறுக மூடித் திறந்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி மார்பில் தொங்கவிட்டாள்.

"இருதயம், இங்கன வந்து உக்காரு. நெஞ்சைத் திடப்படுத்திக்கோ." கார்டை முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "நீ கோர்ட்டுக்குப் போறதா எங்களுக்குத் தகவல் வந்திருக்கு. திங்கக்கிழமை வீட்டை விட்டு வெளிய காலெடுத்து வச்சா, ஒம் மக ஒன்னைப் பாக்க உசுரோட வர மாட்டா."

இருதயம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நேரத்தில் எழில்மொழி படிக்கட்டு நிழலிலிருந்து கடைக்குள் வந்தார்.

"சுகிர்தம்மா, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு இன்னொரு தடவை படிங்க."

கார்டு சுகிர்தத்தின் விரலிலிருந்து நழுவி மேசையில் விழுந்தது. தேவப்பிரியம் எண்ணெய் டின்னை நிமிர்த்தினார். "என்னம்மா சொல்லுதிய?"

"அண்ணாச்சி, உட்காருங்க. நான் சொல்றதைக் கேட்டுட்டுத் தப்பா இருந்தா சொல்லுங்க" என்றார் எழில்மொழி. "மிரட்டல் கடிதத்தை யார் கிளிப்புல மாட்டினாங்கன்னு துரை அண்ணன் ரெண்டு நாளா அலைஞ்சார். யாரும் மாட்டலை. மிரட்டல் கடிதம்னு ஒண்ணு வரவே இல்லை. வந்தது மூணும் நல்ல தபால். மிரட்டல் வாசிச்சவங்க வாயிலதான் இருந்துச்சு."

துரைக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

"முதல் கார்டு ஓரம் வரைக்கும் எழுதி நிரப்பியிருந்ததுன்னு துரை அண்ணன் சொன்னார். இருதயம்மாள் கேட்டதோ ரெண்டே வரி. மீதி எழுத்தெல்லாம் எங்க போச்சு? அதோட, மிரட்டுறவன் எவனும் ஊரே படிக்கிற அஞ்சலட்டையில எழுத மாட்டான். மூணாவது, பதிவுத் தபால். கைநாட்டு வாங்கித் தர்ற தபால்ல அனுப்புனவர் முகவரி இருந்தே ஆகணும். பெயரை மறைக்கிறவன் அதுக்காக கியூவுல நிப்பானா?"

துரை நெற்றியில் அடித்துக்கொண்டார். அந்தக் காக்கி உறையில் கைநாட்டு வாங்கியதே அவர்தான்.

"இந்த ஊர் டெம்போக்காரன் மிரட்டினா பொடதின்னு சொல்ல மாட்டான். அந்த வார்த்தை தெற்கத்திப் பக்கத்துல இருந்து வந்தது. ஜெனியோட புது விடுதி பேர் தெரிஞ்சவங்க ரெண்டே பேர். ஒருத்தர் துரை அண்ணன். அவர் மேல எனக்குக் கொஞ்ச நேரம் சந்தேகம் இருந்ததுதான். ஆனா அவர் கடிதத்தை வாசிச்சுக் காட்டலை." எழில்மொழி சுகிர்தத்தின் மார்பில் தொங்கிய கண்ணாடியைப் பார்த்தார். "கண்ணாடி இல்லாம ஒரு உறை மேல இருக்கிற பேரைக்கூட உங்களால படிக்க முடியாது. மூணு கடிதத்தையும் கண்ணாடி போட்டுக்கிட்டு மனசுக்குள்ள படிச்சீங்க. கழற்றிட்டு வாய்விட்டுப் படிச்சீங்க. இப்பவும் அப்படியே. கடிதத்தை ஒளிச்சு வைக்கவும் உங்களால முடியலை. தபால் வந்துச்சேன்னு துரை அண்ணன் மறுநாள் கேட்டுடுவார். அதனால எதையாவது படிச்சே ஆகணும். இதோ, திங்கட்கிழமை கோர்ட்டுன்னு இருதயம்மாளுக்கே இதுவரை யாரும் சொல்லலை. அது இந்தக் கார்டுலதான் இருக்கு."

"எதுக்கு? எம் பொஞ்சாதி எதுக்கு இதச் செய்யணும்?" தேவப்பிரியம் டின்னைத் தரையில் வைத்தார்.

"உங்க டெம்போ எங்க, அண்ணாச்சி?"

"அது... பாடி கட்டணும்னு ஜெரின் ஊருக்கு ஓட்டிட்டுப் போயிருக்கான்." மனைவியின் முகத்தைப் பார்த்தார். "ஏட்டி?"

சுகிர்தம் தரையில் சரிந்து உட்கார்ந்தாள். "அந்த மஞ்சத் துணியை முந்தின ராத்திரி நாந்தான் தச்சேன்" என்றாள். "அன்னைக்குக் காலையில இருதயம் வந்து இந்தப் பெஞ்சுல இருந்துதான் சொன்னா. நீலத் தார்ப்பாய், மஞ்ச ஒட்டுன்னு சொன்னதும் எனக்கு உசுரே போயிட்டு. அவளுக்குத் தண்ணி மோந்து குடுத்த கையோட, ஜெரின் சரக்கெடுக்கப் போயிருந்த ராயபுரத்துக்குப் போனேன். அவன் வண்டிக்கு அடியில படுத்துக் கெடந்தான். அம்மா, பயந்துட்டேம்மான்னான். நாந்தான் ஊருக்குப் போன்னு அனுப்பினேன். அப்புறம் இந்த லெட்டர் வந்துச்சு. அது கையில, அவ எதுக்க இருக்கா, என்ன எழுதியிருக்குன்னு கேக்கா. என் வாயில என்ன வந்துதோ அதைச் சொன்னேன். ஆண்டவரே, அவ பிள்ளை பேரைச் சொல்லிப் பயங்காட்டினேனே!"

இருதயம்மாள் அழவில்லை. பிரமை பிடித்தவள்போல் மேசையிலிருந்த கார்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுல இன்னா எழுதிகீது?" என்று கேட்டாள்.

எழில்மொழி எடுத்துப் படித்தார். "அன்புள்ள அக்காவுக்கு, மீஞ்சூர் மலிகா எழுதுவது. மூன்று தபாலுக்கும் பதில் இல்லை. செவ்வாய்க்கிழமை நேரில் வந்து கதவைத் தட்டினேன். உள்ளே சத்தம் கேட்டது. நீங்கள் திறக்கவில்லை. உங்களுக்கு என்ன கஷ்டமோ, நான் கோபப்படவில்லை. வருகிற திங்கட்கிழமை கோர்ட்டில் நஷ்டஈட்டு விசாரணை. நீங்கள் பார்த்ததைச் சொன்னால் போதும். வர முடியாவிட்டாலும் பரவாயில்லை. முதல் கார்டில் ஒன்று கேட்டிருந்தேன். அதற்கு மட்டுமாவது பதில் போடுங்கள் அக்கா."

"கதவைத் தட்டுனது அந்தப் பொண்ணா?" இருதயம்மாள் மார்பைப் பிடித்துக்கொண்டாள். "மொத கார்டுல இன்னா கேட்டுகீது?"

முதல் கார்டு கடை விளக்கில் கருகி ஒரு மாதம் ஆகிறது. எழில்மொழிக்கும் தெரியாது, துரைக்கும் தெரியாது. தெரிந்தவள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

சுகிர்தம் தலையைத் தூக்கினாள். கண்ணாடி இல்லை, காகிதம் இல்லை. ஒரு சொல்லும் தடுக்காமல் சொன்னாள்.

"அன்புள்ள அக்காவுக்கு, உங்களை நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் நிலவன் ரோட்டில் தனியாகக் கிடந்து போய்விட்டாரே என்று தினமும் அழுதுகொண்டிருந்தேன். நீங்கள் அவர் தலையை மடியில் வைத்துத் தண்ணீர் கொடுத்ததாகப் போலீஸ்காரர் சொன்னார். அன்றிலிருந்துதான் எனக்குச் சோறு இறங்குகிறது. அவர் கடைசியாக ஏதாவது சொன்னாரா அக்கா? எதுவானாலும் எனக்கு எழுதுங்கள்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "தெனமும் படுக்கையில இதான் ஓடும். ஒரு எழுத்து மறக்கலை."

தேவப்பிரியம் சட்டையை மாட்டிக்கொண்டார். கல்லாச் சாவியை மனைவியின் பக்கத்தில் வைத்துவிட்டு, அவளைப் பார்க்காமலே, "ஸ்டேசன்ல நானே போய்ச் சொல்லுதேன். அப்புறம் ரயிலேறிப் போய் அவனைக் கூட்டிட்டு வாரேன்" என்றார். எழில்மொழி அவரோடு கிளம்பினார். வாசலில் திரும்பி, "துரை அண்ணே, மெமோ உண்டு. இன்னையிலிருந்து மூணாவது மாடிக்கு ஏறித்தான் குடுக்கணும்" என்றார். துரை தலையாட்டினார். முழங்காலைப் பற்றி இப்போது பேசுவதற்கில்லை.

இருதயம்மாள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணே, பையில வெறும் லெட்டர் கீதா? நான் சொல்றேன், நீ எழுது."

துரை ஒரு இன்லேண்டு லெட்டரைப் பிரித்து மளிகை மேசையில் வைத்தார். மூலையில் சுகிர்தம் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து உள்ளே போகவும் இல்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை.

"அன்புள்ள மலிகாவுக்கு. எழுதிட்டியா? திங்கக்கெயம நான் வர்றேன். அப்பால இத எழுது. அவரு ரொம்ப வலியில இல்லம்மா. உன் பேரைச் சொன்னாரு. பாப்பாவ இன்னிக்கு நீயே இஸ்கூல்ல உட்டுடு, எனுக்கு லேட் ஆவும்னு சொன்னாரு."